உடல் நைந்தாலும் ஓயாத தவம்
சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கை

நம் நாட்டு ஞானியர் பிறவியையே ஒரு பிணி என்று கூறினர். உடலில் தோன்றும் நோய்கள் யாவும் அந்தப் பெரும் பிணியின் கிளைகளே என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆனால் இந்தக் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட சமுதாயம், நோயுற்ற மனிதனைப் பாவத்தின் உருவமாகப் பார்க்கத் தொடங்கியது. குறிப்பாகத் தொழுநோயைப் பரம்பரையாகப் பிறப்போடு வருவது என்றும், முன்வினையின் முத்திரை என்றும் கருதி, அந்நோயாளிகளை வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் விலக்கி வைத்தது.

அப்படி விலக்கப்பட்ட ஒருவர், தாம் விலக்கப்பட்டதையே பொருட்படுத்தாமல் நூல்கள் எழுதினார், பத்திரிகைகள் நடத்தினார், நாடெங்கும் நடந்தே சென்று மக்களை விழிக்கச் செய்தார். எழுத்தாளர், பதிப்பாளர், தேசபக்தர், துறவி ஆகிய நான்கு நிலைகளும் அவரிடம் ஒன்றாக இணைந்திருந்தன. அவர்தான் சுப்பிரமணிய சிவா. விடுதலைப் போராட்ட வீரராக அவரை அறிந்தவர் பலர். அந்த வீரத்தின் ஊற்று எங்கே இருந்தது என்பதை அறிய விரும்புவோர், தூத்துக்குடிக்குச் செல்லும் முன் திருவனந்தபுரத்திற்குச் செல்ல வேண்டும்.

பிறப்பும் இளமையும்

அன்றைய மதுரை மாவட்டத்திலும் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்திலும் அடங்கும் வத்தலக்குண்டு, சிறிய ஊராயினும் தமிழுக்குப் பெரும் கொடை அளித்த ஊர். கமலாம்பாள் சரித்திரம் என்ற நாவலை எழுதியவரும், 1896-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழின் முதல் ஆசிரியருமான பி.ஆர். ராஜம் ஐயர் பிறந்தது அவ்வூரில்தான். 1898-இல், 26 வயதிலேயே அவர் மறைந்தார்.

அதே வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4-ஆம் நாள் சிவா பிறந்தார். தந்தையின் பெயர் ராஜம் ஐயர். நாவலாசிரியர் ராஜம் ஐயர் வேறு, இவர் வேறு. தாயார் நாகம்மாள். குழந்தைக்கு இட்ட பெயர் சுப்பராமன். சுப்பிரமணிய சிவம் என்ற பெயர் பின்னாளில் அவருக்கு வாய்த்தது.

சிறுவன் மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் பயின்றான். ஆனால் குடும்பத்தில் வறுமை வந்து புகுந்தது. படிப்பைத் தொடர வழியில்லை. ஏறத்தாழ 12 வயதில் அவன் ஊரை விட்டுப் புறப்பட்டான். அவன் சென்று சேர்ந்த இடம் திருவனந்தபுரம்.

அனந்தபுரியின் அன்னம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகராகிய திருவனந்தபுரத்தில் அப்போது மூலம் திருநாள் மகாராஜா ஆட்சி செய்துவந்தார். அந்நகரத்திற்கு அந்நாளில் ரயில் கிடையாது. 1918-இல்தான் ரயில் பாதை அந்நகரை எட்டியது. எனவே பாண்டிய நாட்டிலிருந்து அங்கு செல்வோர் மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோதான் சென்றாக வேண்டும். ஆயினும் ஏழை அந்தணச் சிறுவர்கள் பலர் அந்நகரை நாடிச் சென்றனர். காரணம், அங்கிருந்த ஊட்டுப்புரைகள்.

ஊட்டுப்புரை என்பது சமஸ்தானம் நடத்திய இலவச அன்னசாலை. ஸ்ரீபத்மநாப சுவாமியின் சொத்தாகவே நாட்டைக் கருதிய திருவிதாங்கூர் மன்னர்கள், ஆண்டவனின் பெயரால் அந்த அன்னதானத்தை நடத்திவந்தனர். அந்த உணவு குறிப்பிட்ட வகுப்பாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பது அக்காலத்தின் குறை. எனினும் வழியற்ற மாணவர் பலர் அதனால் வயிறு வாடாமல் கல்வி கற்றனர் என்பதும் உண்மை. சிறுவன் சுப்பராமனும் அவ்வாறே ஊட்டுப்புரையில் உண்டு, நகரத்தில் கல்வி கற்றான்.

அன்றைய திருவனந்தபுரம் மலையாளமும் தமிழும் கலந்து ஒலித்த நகரம். நாஞ்சில் நாடு முழுவதும் அப்போது அந்தச் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தது. 1891-இல் மனோன்மணீயம் என்னும் நாடகக் காப்பியத்தை வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அந்நகரில்தான் வாழ்ந்து, 1897-இல் மறைந்தார். 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில் அந்நகரில் தங்கி, கற்றறிந்தோர் பலரோடு உரையாடியிருந்தார். சில ஆண்டுகள் கழித்து அங்கு வந்த ஏழைச் சிறுவனுக்கு இவற்றையெல்லாம் அறியும் வயது இல்லை. ஆனால் ஆன்மிகமும் தமிழும் கல்வியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஒரு சூழலில் அவனது இளமை கழிந்தது. பிறர் இட்ட அன்னத்தில் வளர்ந்தவன், பிறருக்காக வாழக் கடன்பட்டவன் என்பதைப் பின்னாளில் அவர் தம் வாழ்க்கையால் காட்டினார்.

குருவின் நிழலில்

திருவனந்தபுரத்திற்குப் பின் சில காலம் கோயம்புத்தூரில் படிப்பு தொடர்ந்தது. 1899-இல் அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மீனாட்சி என்ற பெண்ணுடன் திருமணம் நடைபெற்றது. குடும்பத்தின் தேவைக்காகச் சிவகாசியில் காவல்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணியை ஏற்றார். அந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை. அவரது மனம் தேடியது வேறொன்றை.

அவர் மீண்டும் மலையாள நாட்டிற்கே திரும்பினார். கொட்டாரக்கரையில் சதானந்த சுவாமிகள் என்னும் யோகியை அடைந்து, அவரிடம் ராஜயோகம் பயின்றார். சுப்பராமன் என்ற இளைஞர் சுப்பிரமணிய சிவம் ஆனது அந்த குருவின் அருளால் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

பெயர் மாற்றம் என்பது நம் மரபில் வெறும் அடையாள மாற்றம் அன்று. பழைய உறவுகளும் பழைய ஆசைகளும் பின்தங்க, புதிய கடமை ஒன்று முன்னே நிற்பதற்கான அறிகுறி அது. உடல் வேறு, உடலுக்குள் உறையும் ஆன்மா வேறு என்ற வேதாந்தப் பாடத்தை இளமையிலேயே அவர் கற்றார். அந்தப் பாடத்திற்கு இவ்வளவு கடுமையான தேர்வு ஒன்று காத்திருக்கிறது என்பதை அப்போது யாரும் அறிந்திருக்க முடியாது.

1906: திருப்புமுனை

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் நாடு முழுவதும் சுதேசி உணர்ச்சி பொங்கி எழுந்தது. 1906-இல் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த தாகூர் கான் சந்திர வர்மா என்பவர் திருவனந்தபுரத்திற்கு வந்து சொற்பொழிவு ஆற்றினார். அதைக் கேட்ட சிவாவின் உள்ளத்தில், அதுவரை தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த இரண்டு நீரோடைகள் ஒன்றாகக் கலந்தன. ஒன்று ஆன்மிகம், மற்றொன்று தேசபக்தி. பராசக்தியை வழிபடுவதும் பாரத மாதாவை வழிபடுவதும் அவருக்கு ஒன்றாயின.

உடனே அவர் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினார். இளைஞர்களைத் திரட்டி, நாட்டின் பழம்பெருமையையும் இன்றைய அடிமை நிலையையும் விளக்கிச் சொற்பொழிவுகள் செய்தார். அவரது பேச்சு இளைஞர் உள்ளங்களில் பற்றிக்கொள்வதைக் கண்ட சமஸ்தான அதிகாரிகள் அஞ்சினர். ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு உட்பட்ட சமஸ்தானம் வேறு என்ன செய்யும்? திருவிதாங்கூர் எல்லையை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு பிறந்தது.

தமக்கு அன்னமும் கல்வியும் குருவையும் அளித்த நாட்டிலிருந்து அவர் இவ்வாறு வெளியேற்றப்பட்டார். அதற்காக அவர் வருந்தி நின்றுவிடவில்லை. ஊர் ஊராகக் கால்நடையாகச் சென்று, செல்லும் இடமெல்லாம் பேசிக்கொண்டே கிழக்கு நோக்கி நடந்தார். அன்று தொடங்கிய நடை, அவர் ஆயுள் முடியும்வரை நிற்கவில்லை.

தூத்துக்குடியில்

அந்த நடை அவரைத் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்து ஆங்கிலக் கம்பெனியோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தார் வ.உ.சி. அவரது செயல்திறனும் சிவாவின் நாவன்மையும் இணைந்தன. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்களுக்குத் துணை நின்றனர். சில நாட்களில் தொழிலாளரின் கோரிக்கைகளுக்கு நிர்வாகம் இணங்க நேர்ந்தது.

அரசு பொறுக்கவில்லை. 1908 மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொந்தளித்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. சிவாவுக்குப் பத்து ஆண்டுகள் நாடு கடத்தல் தண்டனை. வ.உ.சி.க்கு விதிக்கப்பட்ட இரு தண்டனைகளுள் ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்தார் என்பதற்காகவே விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. சிவாவின் தண்டனை ஆறு ஆண்டுகளாயிற்று. ஜூலைத் தீர்ப்பின்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை.

சிறை தந்த நோய்

திருச்சி, சேலம் சிறைகளில் அவர் அடைக்கப்பட்டார். கம்பளி நெய்வதற்கான ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் கடும் பணி அவருக்குத் தரப்பட்டது என்றும், அதனாலேயே அவரைத் தொழுநோய் பற்றியது என்றும் அவரது வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இன்றைய மருத்துவம் இதைச் சற்று வேறு விதமாகக் காண்கிறது. தொழுநோய் ஒருவகை நுண்கிருமியால் உண்டாவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே அக்கிருமியைக் கண்டறிந்தார். உடலில் புகுந்த கிருமி நோயாக வெளிப்பட ஆண்டுகள் பல ஆகலாம். சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட. எனவே அது எந்த நாளில், எந்த வேலையால் வந்தது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் நெருக்கடியான இருப்பிடமும் சத்தற்ற உணவும் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் என்பது உறுதி. சிறைக்குச் சென்றபோது திடகாத்திரமாக இருந்த இளைஞர், வெளியே வந்தபோது நோயாளியாக இருந்தார். அந்த அளவில் அது சிறை தந்த நோயே.

1912 நவம்பர் 2-ஆம் நாள் சிவா விடுதலையானார். அடுத்த மாதம், டிசம்பர் 24-ஆம் நாள், வ.உ.சி. கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்த்தொலி எழுப்பிய அந்தத் தலைவரை வரவேற்க அன்று கூட்டம் இல்லை. சிறை வாயிலில் காத்திருந்த மிகச் சிலருள் சிவாவும் ஒருவர். நோயால் உருமாறிப்போயிருந்த நண்பரை வ.உ.சி.யால் முதலில் அடையாளம் காண முடியவில்லை என்று சொல்லப்படுகிறது. நாட்டிற்காகத் தம்மை அர்ப்பணித்த இருவரை நாடு எவ்வளவு விரைவில் மறந்தது என்பதற்கு அந்தச் சந்திப்பு சான்று. மறதியைக் கண்டும் அவ்விருவர் மனமும் கசக்கவில்லை என்பது அதனினும் பெரிய செய்தி.

ஞானபானு

இனி என்ன செய்வது? தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து அக்காலத்தில் இல்லை. உறுதியான பலன் தரும் மருந்து 1940-களில்தான் புழக்கத்திற்கு வந்தது. காவல்துறையின் கண்காணிப்பு ஒருபுறம், வறுமை மறுபுறம், நாளுக்கு நாள் முற்றும் நோய் வேறொரு புறம். இந்நிலையில் ஒருவர் ஒதுங்கி வாழ முடிவு செய்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

சிவா எழுதுகோலை எடுத்தார். 1913-இல் சென்னையில் ஞானபானு என்னும் மாத இதழைத் தொடங்கினார். ஞானபானு என்றால் ஞானச் சூரியன். பெயரே அவர் நோக்கத்தைச் சொல்லும். தேசத்தின் விடுதலையும் ஆன்மாவின் விடுதலையும் அவருக்கு இரு வேறு பொருள்கள் அல்ல. இரண்டும் அறியாமை என்னும் ஒரே இருள் நீங்குவதால் வருபவை.

அந்நாளில் பத்திரிகை நடத்துவது எளிய செயல் அன்று. 1910-ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி, அரசு விரும்பினால் அச்சகத்தாரிடமும் பதிப்பாளரிடமும் பெருந்தொகையைப் பிணையாகக் கேட்கலாம். ஒரு கட்டுரை பிடிக்காவிட்டால் அதைப் பறிமுதலும் செய்யலாம். அஞ்சிய அச்சகத்தார் தேசபக்தர்களின் எழுத்தைத் தொடவே தயங்கினர். புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதியார், தாம் நடத்திய இதழ்கள் நின்றுபோன நிலையில் எழுத இடமின்றித் தவித்த காலம் அது. ராஜத்துரோகக் குற்றத்திற்காகச் சிறை சென்று மீண்ட சிவா, அந்த ஆபத்தைப் பொருட்படுத்தாமல் தம் இதழில் பாரதிக்கு இடமளித்தார். பாரதியாரின் சின்னச் சங்கரன் கதை ஞானபானுவில்தான் வெளிவந்தது. வ.உ.சி.யும் அதில் எழுதினார்.

தமிழ் நடையைப் பற்றியும் சிவா சிந்தித்தார். அவரே சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்த நடையில் எழுதியவர்தாம். ஆயினும் பிறமொழிக் கலப்பில்லாத தமிழில் கட்டுரை எழுதுவோருக்கு ஐந்து ரூபாய் பரிசளிப்பதாக 1915-இல் ஞானபானுவில் அறிவித்தார். தனித்தமிழ் முயற்சிகள் தலையெடுத்துவந்த அந்நாளில், தம் சொந்த நடைக்கு மாறான ஒன்றைத் தாமே ஊக்குவித்த அந்தப் பெருந்தன்மை கருதத்தக்கது.

ஞானபானுவுக்குப் பின் பிரபஞ்சமித்திரன் என்ற இதழையும் நடத்தினார். இவற்றோடு நூல்களும் தொடர்ந்து வெளிவந்தன. சச்சிதானந்த சிவம், மோட்ச சாதனை ரகசியம் போன்ற வேதாந்த நூல்கள். சங்கரர், இராமானுஜர் போன்ற ஆசாரியர்களின் வரலாறுகள். நளின சுந்தரி என்னும் நாவல். சிவாஜி, தேசிங்குராஜன் ஆகியோரைப் பற்றிய நாடகங்கள் என அவை விரிந்தன. ஒரே மனிதர் அத்வைத ஆசாரியரையும் விசிஷ்டாத்வைத ஆசாரியரையும் ஒரே பக்தியோடு எழுதியது, அவரது சமரச நோக்கைக் காட்டுகிறது.

தொழுநோய் நரம்புகளைத் தாக்குவது. விரல்களின் உணர்ச்சி மங்கும்; மெல்ல மெல்லக் கை தன் பிடியை இழக்கும். எழுதி வாழ்பவருக்கு இதைவிடக் கொடிய நோய் இருக்க முடியாது. அந்த நோய் வளர்ந்துவந்த ஆண்டுகளில்தான் அவரது எழுத்தும் வளர்ந்தது. 1915-இல் மனைவி மீனாட்சி அம்மையாரும் காலமானார். கணவர் சிறை சென்ற ஆண்டுகளையும் நோயுற்ற ஆண்டுகளையும் தாங்கிக்கொண்ட அந்த அம்மையாரின் தியாகம் ஏடுகளில் அதிகம் எழுதப்படவில்லை. எழுதப்படாத தியாகங்களின்மீதுதான் எழுதப்பட்ட தியாகங்கள் நிற்கின்றன.

விலக்கிய உலகமும் விலகாத உள்ளமும்

1898-இல் ஆங்கில அரசு தொழுநோயாளர் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. வறிய நோயாளிகளைப் பிடித்து விடுதிகளில் அடைக்கவும், அவர்கள் சில தொழில்களைச் செய்வதைத் தடுக்கவும் அது அதிகாரம் அளித்தது. நோயைவிட நோயாளியைக் கண்டு அஞ்சிய காலம் அது.

சிவா ஊர் ஊராகச் சென்று பேசுவதைத் தடுக்க அரசு வழி தேடியது. வழக்குகளாலும் சிறையாலும் அவர் அடங்கவில்லை. முடிவில் அவரது நோயையே அரசு ஆயுதமாக்கியது. தொழுநோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் பயணம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. சிறையில் வந்த நோயைக் காட்டியே அவருக்கு மற்றொரு சிறை கட்டப்பட்டது எனலாம்.

அவர் மாட்டு வண்டியில் சென்றார். வண்டி கிடைக்காதபோது நடந்தார். உணர்ச்சியற்ற பாதங்களில் கல் குத்தினாலும் தெரியாது. தெரியாத காயமே புண்ணாகி உடலைத் தின்னும். அத்தகைய நோயைச் சுமந்துகொண்டு அவர் கிராமம் கிராமமாகச் சென்று பேசினார். ரயிலில் சென்றிருந்தால் பெரிய நகரங்களை மட்டுமே கண்டிருப்பார். ரயில் மறுக்கப்பட்டதால், ரயில் செல்லாத ஊர்களுக்கும் அவரது குரல் சென்று சேர்ந்தது.

1921-இல் அவர் காவியுடை தரித்து ஸ்வதந்திரானந்தர் என்ற துறவுப் பெயரை ஏற்றார். ஆனந்தம் என்பது பிரம்மத்தின் இயல்பு. ஸ்வதந்திரம் என்பது ஆன்மாவின் இயல்பு. அடிமை நாட்டில் ஒரு துறவி ஏற்ற அந்தப் பெயரில் அவரது வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதே ஆண்டின் இறுதியில் அவர் மீண்டும் சிறைப்படுத்தப்பட்டார். நோயின் கடுமை காரணமாக 1922-இன் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார்.

பாப்பாரப்பட்டியில் ஒரு கனவு

இன்றைய தருமபுரி மாவட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டி, அவரது வாழ்க்கையின் இறுதிப் புகலிடம். அங்கே நண்பர்களின் உதவியால் நிலம் பெற்று, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரத ஆசிரமத்தை அமைத்தார். அவ்விடத்தில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவரது பெருங்கனவு. சாதி, மத வேறுபாடின்றி எல்லோரும் வந்து வழிபடும் இடமாக அது அமைய வேண்டும் என்று விரும்பினார். ஒரு வகுப்பாருக்கு மட்டும் சோறிட்ட ஊட்டுப்புரையில் உண்டு வளர்ந்த சிறுவன், எல்லோருக்கும் உரிய ஆலயத்தைக் கனவு கண்டதில் ஒரு முழுமை இருக்கிறது.

1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அந்த ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். காசியில் பாரத மாதா ஆலயம் 1936-இல்தான் திறக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, சிவாவின் கனவு எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். அடிக்கல்லுக்கு மேல் ஆலயம் எழவில்லை. அதற்கு நிதி திரட்ட வேண்டி, நைந்த உடலோடு அவர் மீண்டும் ஊர் ஊராகச் சென்றார்.

1925 ஜூலையில் அவர் மதுரையில் இருந்தார். உடல் இனித் தாங்காது என்பது தெரிந்துவிட்டது. தம் ஆசிரமத்திற்கே திரும்ப விரும்பினார். ஜூலை 22-ஆம் நாள் பாப்பாரப்பட்டியை அடைந்தார். மறுநாள், 1925 ஜூலை 23 அதிகாலையில், அவரது ஆன்மா உடலை நீத்தது. அப்போது அவருக்கு 41-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது.

நமக்கு எஞ்சியிருப்பது

சிவா மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. தொழுநோய் பரம்பரையாக வருவது அன்று. பிறப்போடு வருவதும் அன்று. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முற்றிலும் குணமாகிறது. நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதியும் 2019-இல் ஒழிந்தது. சட்டங்கள் மாறிவிட்டன. ஆனால் நோயுற்றவரைக் கண்டு விலகும் மனம் மாறிவிட்டதா என்பதை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு இன்று மணிமண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட இடத்தில் தமிழக அரசு எழுப்பிய பாரத மாதா நினைவாலயம் 2021-இல் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டியதற்கும் அதற்கும் இடையே 98 ஆண்டுகள் ஓடிவிட்டன. விதைத்தவர் கனியைக் காணவில்லை. பலனை எதிர்பாராமல் செயலாற்றுவது என்று கீதை சொல்லும் நிலை இதுதான்.

நோய் வந்தால் கடவுளைப் பழிப்பவர் உண்டு. விதியை நொந்து ஓய்பவர் உண்டு. நோயை மறந்து பணியில் ஆழ்பவர் மிகச் சிலர். கொட்டாரக்கரையில் குருவின் காலடியில் அமர்ந்து, உடல் வேறு ஆன்மா வேறு என்று கற்ற இளைஞர், அந்தப் பாடத்தை ஏட்டில் வைத்துவிடவில்லை. விரல்கள் நைந்தபோது எழுதியும், கால்கள் நைந்தபோது நடந்தும் அதை மெய்ப்பித்தார். பிறவிப் பிணியை வெல்வதற்கு உடற்பிணி ஒரு தடை அன்று என்பதற்கு அவரது வாழ்க்கையே உரை.